வெள்ளைப் புடவையும் விடைபெறுதலும்

யார் வருகிறார் என்று பார்ப்பதற்கு முன்பே எதற்கு வருகிறார் என்று சந்தேகிக்கப்படும் தொழில்களில் என்னுடையதும் ஒன்று. கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டிப் பழகிய வாசகர்களுக்கு இது புரியும். நான் சேலத்தில் ஒரு திருச்சபையின் ஆயர். எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரங்களில், படையில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளுக்கு, எந்த மதத்தவரானாலும், போய்ச் சற்றுநேரம் துணையாக உட்கார்ந்து வரும் பொறுப்பை ஏற்றிருந்தேன். படைப்பிரிவில் மதகுரு செய்யும் வேலைதான். அவருக்குச் சீருடை, எனக்கு வெள்ளைப் புடவை.

பின்னால் வரும் வண்டி

சேந்தமங்கலத்தில் பாவாயி அம்மாள் தனியாக இருந்தார். மகன் சேகர் எல்லையில் இருந்தான். சில நாட்களாக அவனுடைய கைப்பேசி அணைந்தே கிடந்தது. நான் வாசலில் நின்று வணக்கம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாகச் சாலையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, பின்னால மிலிட்டரி வண்டி ஏதாச்சும் வருதுங்களா?"

பெயர் சொல்லாத பிரார்த்தனை

குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக்காரர் நான் வந்த பிறகும் தறியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் பேசத் தொடங்கிவிடுவேன் என்ற அச்சம் அவருக்கு. மதம் மாற்ற வந்தவள் அல்ல என்று அந்த இரைச்சலுக்கு மேலே கத்தி விளக்கினேன். அது அவருடைய கவலையே இல்லை என்பது, "உங்கள் மகன் பெயரைச் சொல்லிப் பிரார்த்திக்கட்டுமா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. தறி உடனே நின்றது.

"அவன் எங்கியோ பங்கருக்குள்ள பதுங்கிக் கெடக்கறானுங்க. பேரைச் சொல்லி யாருக்கும் காட்டிக் குடுத்துராதீங்க."

சொல்லாமல் கிளம்பியது

மேட்டூரில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்கு அந்த வாரம் தினமும் போய்வந்தேன். துக்க வீட்டில் விடைபெறும் வழக்கம் இல்லை. எழுந்து, ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து பாவாயி அம்மாள் வீட்டுக்குப் போனவள், காபி குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வாய் திறக்காமல் படியிறங்கிவிட்டேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு அவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். "எழவு ஊட்டுல இருந்து போறாப்பல போறீங்களே, என்னத்த மறைக்கிறீங்க?" எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது உண்மை, ஆனால் ஏதோ தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். சரி, திரும்பி வந்து முறையாக "போய் வருகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. என் பையை வாங்கித் தம் இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"வாரேன்னு சொன்னா மறுக்காவும் வந்து நிப்பீங்க. எம்பையன் பேசற வரைக்கும் எங்கூட்டுலயே இருங்க."

மறுமுனை

மறுநாள் காலை வரை நான் அங்கேதான் இருந்தேன். கீரை ஆய்ந்து கொடுத்தேன். அதைக்கூட ஒருமுறை சரிபார்த்த பிறகே அடுப்பில் வைத்தார். அப்போது புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சேகர்தான். "அம்மா" என்ற ஒரு சொல் கேட்டதும் அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார். கீழே விழுந்த கைப்பேசியை எடுத்து, "தம்பி, நான் ஆயர் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் இருந்தவன் உடனே, "எங்கம்மாவுக்கு என்னாச்சுங்க?" என்றான். மதகுருவின் குரல் எதற்காக வரும் என்பதைப் போர்முனையில் இருப்பவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நலமாக இருக்கிறார் என்றேன். அவன் நம்பவில்லை. பாவாயி அம்மாள் கைப்பேசியைப் பிடுங்கி, "டேய் கண்ணு, நான் கல்லாட்டம் இருக்கறேன்டா! இந்தம்மாவ நாந்தான் புடிச்சு வெச்சிருக்கறேன்!" என்று தெரு முழுவதும் கேட்கக் கத்தினார். அதன் பிறகுதான் அவன் சிரித்தான்.

பையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் குரலில் முதல்முறையாகக் கனிவு இருந்தது.

"வாரேன்னு சொல்லிட்டே போங்க சாமி. வராட்டியும் பரவால்லீங்க."

சொல்லிவிட்டுத்தான் வந்தேன், என்னைத் தேடும்படி அந்த வீட்டில் எதுவும் நேராததால் அவர் இன்றுவரை என்னைக் கூப்பிடவில்லை, இந்தத் தொழிலில் கிடைக்கக்கூடிய மிக நல்ல செய்தி அதுதான்.