வராத பிள்ளைகளையும் நிறுக்கச் சொன்னவர்

செய்தி வந்தபோது என் மகள் தராசில் இருந்தாள். குண்டசாலைக் கிளினிக்கில் மாதாந்தம் நிறை பார்க்கும் நாள். அவள் காலை உதைத்துக்கொண்டிருந்ததால் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. மருத்துவமாது பொறுமையாகக் காத்திருந்தார். அந்த நேரம்தான் ஜெசிந்தா அக்காவின் தம்பி சகாயம் அழைத்தார்.

"அக்கா போயிட்டாங்க, மிஸ். காலையில புசல்லாவை டவுன்ல பஸ்ஸுக்கு நின்னவங்க அப்படியே சரிஞ்சிட்டாங்க. கண்டிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

மூளையில் இரத்தக் கசிவு என்று பிறகு சொன்னார்கள். நாற்பத்தொரு வயது. மருத்துவமாது என் மகளின் நிறையைச் சொன்னார். எனக்கு மண்டையில் ஏறவில்லை. இரண்டாம் முறை கேட்டேன், அதுவும் ஏறவில்லை.

இதைப் பிந்தித்தான் எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, நினைவு மலரும் உங்கள் கைகளுக்கு வந்துவிட்டது. அதில் என் பெயரிலும் ஒரு பக்கம் இருக்கிறது. அன்பின் உருவம், சேவையின் சிகரம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அவர் படித்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். அதைவிட மோசமானது எட்டாம் பக்கம். "தோட்டப் பிள்ளைகளின் மதிய உணவு பற்றிய ஆய்வை முன்னின்று நடத்தியவர்" என்று அங்கே அச்சாகியிருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் அந்த வரி என் கண்ணில் பட்டது. பிழை என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை. இப்போது அதே ஆய்வை, அதே முறையில், வேறு தோட்டங்களிலும் செய்யப் போகிறார்கள். முதலில் அவர் நினைவாக, அவர் பெயரிலேயே செய்வதாக இருந்தது. ஆகவே அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வு அவருடையது அல்ல. அதை அப்படிச் செய்யாதீர்கள் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

நாங்கள் இருவரும் கண்டியில் ஓர் ஆய்வு நிலையத்தில் ஒரே மேசையைப் பங்கிட்டு வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்டிக்குப் படிக்க வந்து இங்கேயே மணமுடித்தவள். அவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். நான் தயாரித்த முதல் வினாக்கொத்தை எடுத்து அவர் சத்தமாக வாசித்தது நினைவிருக்கிறது. "'ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாற்பொருட்கள் உட்கொள்கிறீர்கள்?' ஏன் புள்ள, இதக் கொண்டுபோய் லயத்துல கேக்கப் போறியா? 'தேத்தண்ணிப் பொருட்கள்தாம்மா உட்கொள்றோம்'னு சொல்லுவாங்க. அடி வாங்காம திரும்பி வர்றது உன் சாமர்த்தியம்." அலுவலகமே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்தக் கேள்வியைத் தானே திருத்தி எழுதித் தந்தார்.

என் பேச்சைக் கிண்டல் பண்ணுவதில் அவருக்குத் தனி இன்பம். நிலையத்தின் பணிப்பாளர் எதைச் சொன்னாலும் நான் "ஓம் சேர்" என்பேன். "உங்க ஊரு ஓம் இருக்கே, ரொம்ப வசதியான சாமான். பஞ்சு மாதிரி. யார் மேல பட்டாலும் வலிக்காது" என்பார். அப்போது நானும் சிரித்தேன்.

அந்த ஆய்வின் கதை இதுதான். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டம். மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று அதற்கு இரண்டு பிரிவுகள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தை அங்கே பிள்ளைக் காம்பரா என்பார்கள். மேல் டிவிசன் காம்பராவில் ஒரு தொண்டு அமைப்பு மதியத்தில் பருப்பும் கீரையும் போட்ட கஞ்சி கொடுத்து வந்தது. கீழ் டிவிசனில் கஞ்சி இல்லை. கஞ்சியால் பிள்ளைகளின் நிறை கூடுகிறதா? இதுதான் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. பணிப்பாளர் போட்ட திட்டம் சுருக்கமானது. டிவிசனுக்கு ஒரு நாள் போவது, அன்று காம்பராவில் இருக்கிற பிள்ளைகளை நிறுப்பது, இரண்டையும் ஒப்பிடுவது. குறுக்குவெட்டு ஆய்வு.

"சேர், ஒரு நாள் நிறுத்தா அன்னிக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியும்" என்றார் ஜெசிந்தா அக்கா. "கஞ்சி என்னா செஞ்சிச்சுன்னு எப்படித் தெரியும்? புள்ள வளர்றது ஒரு நாள்ல நடக்குற சங்கதியா?"

மருத்துவமாதுவின் பதிவேட்டிலிருந்து இரண்டு டிவிசனிலும் உள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயர்களையும் எடுக்க வேண்டும், காம்பராவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதே பிள்ளைகளை ஒரு வருடம் மாதாமாதம் நிறுக்க வேண்டும், வராத பிள்ளையை லயத்துக்கே போய் நிறுக்க வேண்டும் என்றார். தாளில் வரைந்தும் கொண்டு வந்திருந்தார்.

பணிப்பாளர் தாளைத் தொடவில்லை. "ஒரு வருஷம் ஆர் காத்திருக்கிறது? மூண்டு மாதத்தில அறிக்கை கேக்கினம். இருக்கிற காலத்துக்கு ஏற்ற முறைதான் பொருத்தமான முறை."

"அப்ப கேள்வியச் சின்னதாக்குங்க சேர். 'இன்னிக்குக் காம்பராவுல இருக்குற புள்ளைங்க எப்படி இருக்குது'ன்னு மட்டும் எழுதுவோம். கஞ்சியப் பத்திப் பேசாம விட்டுருவோம்."

அது நடக்கவில்லை. நாங்கள் தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

முதலில் கீழ் டிவிசன். பிள்ளைகள் சுறுசுறுப்பாக ஓடித் திரிந்தார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. எனக்குச் சந்தோசம். ஜெசிந்தா அக்கா மட்டும் பதிவேட்டையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பார்க்கிற பெண்ணிடம், "மத்ததுங்கல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"காச்சக்காரப் புள்ளைங்கல்லாம் லயத்துல கெடக்கு. அதத் தூக்கிட்டு வந்து இங்க என்னா செய்ய? ஒரு வாய் கஞ்சியா இருக்கு?" என்றாள் அவள்.

மறுநாள் மேல் டிவிசன். அங்கே பாயில் நாலைந்து பிள்ளைகள் சுருண்டு கிடந்தன. மூக்கொழுகியபடி, கண் செருகியபடி. ஒரு தாய் தன் மகனை இறக்கிவிட்டு மலைக்கு ஓடப் பார்த்தாள். அவன் உடம்பில் கை வைத்தேன், கொதித்தது. "ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஜெசிந்தா அக்கா கேட்டார். "வூட்டுல கெடந்தா ஒண்ணும் தொடாது அக்கா. இங்க மத்ததுங்களோட ஒக்காந்தா ரெண்டு வாய் குடிக்கும்" என்றாள் அவள். பெயரையும் நிறையையும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது கஞ்சி குடிக்கிற பிள்ளைகள் கஞ்சி இல்லாத பிள்ளைகளை விட நிறை குறைந்திருந்தார்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கீழே நோயாளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு நிறுத்தோம், மேலே அவர்களையும் சேர்த்து நிறுத்தோம். கஞ்சி இருந்ததால்தான் அவர்கள் தராசுக்கே வந்தார்கள். கஞ்சியின் நன்மையே கஞ்சிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அறிக்கை பற்றிய கூட்டத்தில் ஜெசிந்தா அக்கா இதை விளக்கினார். தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் உணர்ச்சிவசப்படுகிறார் என்று பணிப்பாளர் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. ஜெசிந்தா அக்கா என் பக்கம் திரும்பினார். "சுபா, நீயும்தானே பாத்த. அந்தப் பையன் மேல கை வச்சுப் பாத்தியே. சொல்லு."

எனக்கு ஏழாம் மாதம். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம். "சேர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு அக்கா" என்றேன்.

அவர் அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். எடுக்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, என்னுடையது புதுப்பிக்கப்பட்டது. படியிறங்கும்போது, "உன்னத் திட்ட மாட்டேன் புள்ள. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு நிக்கிற. ஆனா நியாயம்னு சொன்னியே, அந்த வார்த்தய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் மேல் டிவிசனில் கஞ்சி நின்றது. பயனில்லை என்று ஆய்வு காட்டுவதாகத் தொண்டு அமைப்பின் கடிதத்தில் இருந்தது.

அதன்பின் அவர் புசல்லாவையில் ஒரு தனியார் வகுப்பில் படிப்பித்தார். என் மகள் பிறந்தபோது பஸ் மாறி மாறி வந்து, வாசலிலேயே நின்று சொன்னார். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. புள்ளயப் பாக்க வந்தேன்." பிள்ளையை வாங்கி, கையிலேயே நிறை பார்ப்பது போல ஏற்றி இறக்கி, "நல்ல கனம். ஒங்கம்மா பேச வேண்டியதையும் சேத்து நீ பேசு" என்றார். நான் தேநீர் போட எழுந்தபோது சீனி வேண்டாம் என்றார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாகச் சொன்னார். நான் மேலே எதையும் கேட்கவில்லை.

மகளுக்கு ஒன்பதாம் மாதம் வயிற்றோட்டம். அந்த மாதம் முழுவதும் பயந்து பயந்து கிடந்தேன். கிளினிக்குக்குக் கொண்டுபோகவே இல்லை. அவளுடைய நிறை அட்டையில் அந்த மாதத்துக்குப் புள்ளி இல்லை. எட்டாம் மாதப் புள்ளியையும் பத்தாம் மாதப் புள்ளியையும் மருத்துவமாது ஒரு கோட்டால் இணைத்துவிட்டார். கோடு அழகாக மேலே போகிறது. யார் பார்த்தாலும் சுகமாக வளர்ந்த பிள்ளை என்பார்கள். அவள் செத்துவிடுவாளோ என்று நான் மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த நாட்கள் அந்தக் கோட்டுக்குள் எங்கேயும் இல்லை. ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லலாம் என்று விட்டேன்.

போன கிழமை பணிப்பாளர் என்னை அழைத்தார். அவருடைய மேசையில் நினைவு மலர் கிடந்தது. "ஜெசிந்தாவின்ர பேரில செய்யிறம். நீர்தான் முன்னுக்கு நிண்டு நடத்தவேணும். அவவுக்கு அது மரியாதையா இருக்கும்." திட்டத்தை நீட்டினார். டிவிசனுக்கு ஒரு நாள். அன்று காம்பராவில் இருக்கிற பிள்ளைகள்.

"சேர், இந்த முறையில செய்தா திரும்பவும் அதே பிழைதான் வரும்" என்றேன். "கஞ்சி இல்லாத இடத்தில வருத்தக்காரப் பிள்ளையள் லயத்துக்குள்ள கிடக்குங்கள். சுகமானதுகளை மட்டும் நிறுத்துப்போட்டுக் கஞ்சியைக் குறை சொல்லுவம். போன முறை நான் கண்ணால பாத்தனான்."

அவர் கோபப்படவில்லை. "அவ இருக்கேக்க நீர் இதைச் சொல்லேல்லையே."

"ஓம் சேர். சொல்லேல்லை."

"உமக்கும் சின்னப் பிள்ளை இருக்கு. வடிவா யோசியும்."

யோசித்தேன், பிள்ளையை வைத்துக்கொண்டுதான். இரண்டு நாள் கழித்துக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். சகாயமும் குடும்பத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தார். ஆய்வு நிற்கவில்லை. வேறொருவர் நடத்துகிறார், அடுத்த மாதம் தராசுகள் புறப்படுகின்றன. ஜெசிந்தா அக்காவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. பிழையான முறையால் பிழையான விடை வரும், அதை வைத்து இன்னும் சில இடங்களில் கஞ்சியை நிறுத்துவார்கள். இதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. உங்களுக்கும் தர முடியவில்லை.

அவருடைய சிரிப்பை, உபசரிப்பை, பாட்டுக் குரலை நினைவு மலரில் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டீர்கள். எனக்கென்று நான் வைத்திருப்பது அவருடைய மறுப்பு. பணிப்பாளரின் அறையில் அதைச் சொல்லும்போது நாக்கு உலர்ந்துபோகிறது. காது அடைக்கிறது. தான் சொல்வது சரிதானா என்று தனக்கே சந்தேகம் வருகிறது. பக்கத்திலிருந்து யாராவது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல மாட்டார்களா என்று மனம் ஏங்குகிறது. எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.