சூடாகாத வலப்பக்கப் பிடி

வன்னி வெயிலுக்குள் மோட்டார் சைக்கிள் கைபிடியைச் சூடாக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் மார்கழி விடியலில் அக்கராயன் குளக்கட்டால் ஓடிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவேன். போய் இறங்கும்போது வலது கையின் சின்னவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் விறைத்துப்போயிருக்கும். வெண்கட்டி பிடித்தால் நழுவும். மத்தியானமாகியும் விறைப்பு முழுசாகப் போகாது. குளிர்தான் என்று நினைத்தேன்.

சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு கனடாவில் இருந்து கணவரின் தங்கை வந்து எங்களோடு நின்றாள். ஒருநாள் காலை மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய்வந்து, விரல் விறைப்பால் படலைக் கொளுக்கியைக் கழற்ற முடியாமல் நான் நின்றதை அவள் கண்டாள்.

“மச்சாள், இதுக்கு அங்கை ஒரு சாமான் இருக்கு. கைபிடிக்குள்ளாலை வயர் ஓடும். பற்றறியிலை குடுத்தாச் சூடாகும். அனுப்பிவிடுறன்.”

அடுத்த மாரிக்குள் விறைப்பு உள்ளங்கை முழுக்கப் பரவிவிட்டது. அந்த நேரம்தான் ஊருக்கு வந்த ஒருவரிடம் அவள் அதைக் கொடுத்துவிட்டிருந்தாள். இரண்டு கறுப்புக் குழாய், நீள வயர், ஒரு சின்னச் சுவிச்சுப் பெட்டி. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அதை வெளியில் எடுத்து வைத்தபோது, குண்டு என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பின்னுக்குப் போய்விட்டார்களாம். விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கொண்டுவந்தவரின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. “இனி உப்பிடியான சாமானுகளை என்னட்டைத் தந்துவிடச் சொல்லாதேங்கோ” என்று சொல்லி எங்கள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வேலை தொடங்கியது. என் கணவர் தோட்டக்காரர். தண்ணி இறைக்கும் மெசினைத் தானே பிரித்துப் பூட்டுவார். பழைய ரப்பர் பிடிகளை பிளேட்டால் கீறி உரித்தார். இடப்பக்கப் பிடியைப் பசை பூசி இறுக்கினார். வலப்பக்கம் அக்சிலேற்றர் என்பதால், திருகும்போது வயர் அறாமல் கொஞ்சம் தளர்வாக விட்டார். சீற்றைக் கழற்றி, பெற்றோல் ராங்குக்குக் கீழால் வயரை இழுத்துப் பற்றறிக்குக் கொண்டுவந்தார். சுவிச்சுப் பெட்டியை எங்கே பூட்டுவது என்று முடிவாகவில்லை.

“முதல் நேரடியாக் குடுத்துப் பாப்பம். நீர் ஏறி இருந்து பிடியும்.”

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு இரண்டு பிடியையும் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் இடது கையில் இதமான சூடு வந்தது.

“இடது வேலை செய்யுது.”

“வலது?”

“வலது சூடாகேல்லை. முந்தின மாதிரித்தான் கிடக்கு.”

வயர் முறுக்கு விட்டுவிட்டது என்று நினைத்து வயரில் சுற்றியிருந்த ரேப்பை உரித்தார், திரும்ப முறுக்கினார். “இப்ப?”

“இல்லையப்பா.”

இடப்பக்கம் சுடத் தொடங்க அந்தக் கையை எடுத்துவிட்டேன். வலப்பக்கத்தில் ஏதாவது தெரிகிறதா என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் எழும்பி வந்து, என் விரல்களுக்கு வெளியே தெரிந்த பிடியின் நுனியைத் தொட்டார். தொட்ட உடனே கையை உதறினார்.

“ஐயோ, விடும்! கையை எடும்!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை செக்கச் செவேல் என்று இருந்தது. விரல்களின் அடியில் கொப்புளங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அது வேறு யாருடையதோ கை என்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நோகேல்லையோ?”

“இல்லை.”

என் சின்னவிரலை நுள்ளினார். நுள்ளுவதைக் கண்ணால் கண்டேன். அவ்வளவுதான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிற்பாட்ட இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னா. “பஞ்சாலை தொடுவன். தொடேக்கை சொல்லுங்கோ.”

காத்திருந்தேன். அவா தொடவே இல்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று கண்ணைத் திறந்தேன். பஞ்சு மேசையில் இருந்தது. அவா தொட்டு முடித்துவிட்டா. பக்கத்தில் இருந்த கணவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பிறகு முழங்கைக்குப் பின்னால் தடவி நரம்பைத் தேடினா. முன்கையில் இருந்த வெளிறிய அடையாளத்தைக் கண்டு நிறுத்தினா.

“இது தேமல், டொக்டர்” என்றேன்.

“தேமல் இல்லை, ரீச்சர். இது தொழுநோய்.”

கோயில் வாசலில் துணி சுற்றிய கைகளை நீட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். என் கை அவாவின் பேனையில் பட்டுவிடும் என்று மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அவா அந்தக் கையை வெறுங்கையாலேயே எடுத்துப் புண்ணுக்கு மருந்து கட்டினா.

“பயப்பிடாதேங்கோ. குளிசை குடிக்கத் துவங்கினா ஆருக்கும் தொத்தாது. வருத்தம் மாறும். செத்த நரம்பு எவ்வளவு திரும்பி வருமெண்டுதான் சொல்லேலாது. நேற்றுக் கை சுட்டிராட்டி இன்னும் குளிரெண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்திருப்பியள்.”

வீட்டுக்கு வந்து, ஓடிவந்த எங்கள் மூன்று வயது மகளைத் தூக்காமல் நின்றேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து அழுதாள். கணவர் பிடிகளைக் கழற்றி, வயரைத் துண்டு துண்டாக வெட்டினார். பிறகு அவரையும் மகளையும் சோதித்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குளிசை குடித்த முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போய் மறுபடியும் பயந்தேன். அது மருந்தின் நிறம் என்றார்கள். மாதங்கள் போகப்போக அந்த மருந்தால் என் தோல் கறுத்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் வெயில் என்றே சொன்னேன். உள்ளங்கையில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியது. அந்த இரண்டு விரல்களுக்கும் வரவில்லை.

ஆசிரியர் அறையில் என்னோடு நெருக்கமான ஒருத்திக்கு மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். எழும்பிப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே வெளிறிப்போயிருந்த ஓர் இடத்தைக் காட்டினாள்.

“இது என்னவா இருக்கும்?” என்றாள்.

அடுத்த கிளினிக் நாளில் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து அவளும் வந்தாள்.