கிராணியின் உடல்நலம்

ஜப்பான்காரன் காலத்தில், பாலிக் புலாவிலிருந்து பினாங்குப் பட்டணத்துக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரும் லாரியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. மூட்டைகளுக்குக் காவல் இருப்பதும் பயணப் புத்தகம் எழுதுவதும் என் வேலை. ஓட்டியவர் பெரிய மீசைக்கார அண்ணன் ஒருவர். ஒரு நாளைக்கு மூன்று நடை. மனிதனுக்கு ஓய்வு என்ற பேச்சே கிடையாது. வண்டிக்கு மட்டும் உண்டு. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி அடுப்பு வைத்து, அதன் வாயுவில் ஓட்டிய லாரி அது. அடுப்பு அளவுக்கு மேல் சூடேறினால் ஆறும்வரை நிறுத்தலாம் என்று உத்தரவு.

ஆகவே எங்கள் அடுப்பு அடிக்கடி சூடேறியது. அண்ணன் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துக் குறட்டை விடுவார். நான் ஒரு நிறுத்தம் விடாமல் முத்து முத்தாக எழுதி வைப்பேன். யாழ்ப்பாணத்துக் கிராணி என்றால் சும்மாவா? அந்தக் கர்வம்தான் எங்களைக் கெடுத்தது. புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்ட ஜப்பான் அதிகாரி, இந்த நோஞ்சான் வண்டியோடா இத்தனை நாள் பாடுபட்டீர்கள் என்று இரங்கி, எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் லாரியை வரவழைத்துவிட்டார். அதற்கு ஆறவே வேண்டாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

"நல்லா எழுதினீங்க லா, கிராணியாரே," என்றார் அண்ணன்.

புது லாரி வந்த நாலாம் நாள் மலை வளைவில் அவர் கண் செருகியது. நான் பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பியிராவிட்டால் இருவரும் ஜாதிக்காய்த் தோட்டத்துப் பள்ளத்தில் கிடந்திருப்போம். அன்றே எழுதினேன்: கிராணிக்கு வளைவில் தலைசுற்றல், வாந்தி; உச்சியில் அரை மணி நிறுத்தம்.

இந்த முறை அதிகாரி இரங்கவில்லை. சோதித்துப் பார்க்கத் தானே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். பொய் என்று தெரிந்தால், கன்னத்தில் ஓர் அறையோடு விட்டால் புண்ணியம். எனக்கோ அன்று பார்த்து வயிறு கல்லாக இருந்தது. விரலைத் தொண்டைக்குள் விடலாமா என்று யோசித்தபடியே வந்தேன். அண்ணன் ஒவ்வொரு வளைவையும் கொஞ்சம் தாராளமாகவே ஒடித்தார். உச்சியை எட்டுமுன் அதிகாரி முகம் வெளிறிக் கையைக் காட்டினார். நிறுத்தியதும் இறங்கி ஓடி, ஓரமாகக் குனிந்தார். தின்றதெல்லாம் வந்தது.

மறுநாளே உத்தரவு வந்தது: கிராணிகளின் உடல்நலம் கருதி எல்லா லாரிகளும் உச்சியில் அரை மணி நிற்க வேண்டும். ஓட்டுகிறவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

உச்சியில் அண்ணன் சாக்கை விரித்தார். "உடம்பப் பாத்துக்குங்க, கிராணியாரே," என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.