சத்தியம் சொல்ல வராதவர்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறுநாள் ஞாயிறு. எங்கள் சபை உபதேசியார், தாவீது ராஜா தன் மகனுக்காகச் செய்த ஜெபத்தை எடுத்துப் பேசினார். வரப்போகிற ராஜா எளியவனுக்கு நியாயம் செய்வான், புல் அறுத்த தரையில் மழை இறங்குவதுபோல் இறங்குவான் என்று அவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கேயும் போகவேண்டியதில்லை. இனி இதுதான் நம்ம தேசம்" என்று உபதேசியார் முடித்தார்.

அப்பா பொதுப்பணி இலாகாவில் தார் ரோடு போடும் கூலி. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது, இவரும் உபதேசியாரும் ஒரே கொட்டகையில் படுத்தவர்கள். காய்ச்சலில் கிடந்த உபதேசியாரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்ததை அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. உபதேசியார்தான் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பாவின் காகிதங்களெல்லாம் அந்தக் காட்டிலேயே போயின.

அதனால் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது சிக்கல் வந்தது. யுத்தத்துக்கு முன்பே இங்கே இருந்தவர் என்று, அவரை அறிந்த ஒருவர் நேரில் வந்து சத்தியம் செய்யவேண்டும் என்றார்கள். அப்பா அன்று மாலையே உபதேசியாரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"நான் இருக்கேன்லா, தம்பி. ஏன் பயப்படுற? கர்த்தர் தாவீதுக்கு ஆணையிட்டார்ல, அப்படி வச்சுக்க" என்று அப்பாவின் தோளைத் தட்டினார்.

குறித்த நாளில் அப்பா கல்யாணத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். மலாய் வாசிக்கத் தெரியும் என்பதால் என்னையும் அழைத்துப் போனார். குடியுரிமை அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டு, "சக்சி மானா?" என்று கேட்டார். சாட்சி எங்கே என்கிறார் என்பது அப்பாவுக்கு நான் சொல்லாமலே புரிந்தது. "வருவாரு, துவான்" என்று அதிகாரியிடம் பணிவாகச் சொன்னார். அலுவலகம் பூட்டும்வரை அதையேதான் சொன்னார்.

உபதேசியாருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, நேரே காஜா பெராங்கில் அவர் வீட்டுக்கு விரைந்தோம். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி மலாக்காச் செட்டி; தலைமுறைகளாக மலாயே பேசும் அவர்களுக்குத் தமிழ் வராது. தன் மலாயில் சொன்னார்: அவர்கள் முந்தாநாளே புறப்பட்டுவிட்டார்கள், கப்பலேறி இந்தியாவுக்கு, கோழிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். உபதேசியார் வீட்டுக் கோழிகள் அந்த அம்மாளின் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

கப்பல் சீட்டு மெர்டேக்காவுக்கு முன்பே எடுத்தது என்று சபைச் செயலாளர் பிறகு சொன்னார். அப்படியானால் அந்த ஞாயிறன்று, சட்டைப்பையில் சீட்டை வைத்துக்கொண்டா அவர் பிரசங்கித்தார்? ஊருக்குப் போனதை என்னால் மன்னிக்க முடிந்தது. போகாதே என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனதை முடியவில்லை.

அப்பா திட்டவில்லை. வேலைவிட்டு வந்ததும் வேதாகமத்தை விரித்து, எழுத்துக்கூட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் என்னை அழைத்தார். "இங்கேருந்து வாசி."

அதுவும் ராஜாவைப்பற்றிய ஒரு சங்கீதம்தான். உன் சிம்மாசனம் சூரியனைப்போல் நிலைக்கும் என்று கர்த்தர் தாவீதுக்குக் கொடுத்த வாக்கைப் புகழ்ந்தே தொடங்கியது. பாதிக்குமேல் குரல் மாறியது. நீர் அபிஷேகம் செய்தவனையே தள்ளிவிட்டீர், அவன் கிரீடம் மண்ணில் கிடக்கிறது, நீர் ஆணையிட்ட அந்தப் பழைய கிருபை எங்கே?

"பாத்தியா, இப்படியும் கேக்கலாம். இதை அவரு ஒரு நாள்கூடச் சபையில வாசிக்கல."

"பதில் வந்துச்சாப்பா?"

"இதுல இல்ல. அப்புறம் எத்தனையோ ராஜா வந்தானுங்க. இவன்தான், இவன்தான்னு பாத்து ஏமாந்தாங்க. அப்படியும் ஒருத்தர் வருவாருன்னு காத்திருந்தாங்க பாரு."

அவர்கள் காத்திருந்த அந்த மேசியா என்றால் எனக்கு அதுவரை கிறிஸ்துமஸ் தோரணம்தான். கொடுத்த வாக்கு பொய்த்துப் போன வீட்டில், விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று அது என்று அன்றுதான் உறைத்தது. அப்பாவால் அப்படிப் பிடித்துக்கொள்ள முடிந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுதவணைக்கு அந்தச் செட்டிப் பெண்மணியின் கணவர் வந்தார். யுத்தத்துக்கு முன் தன் வீட்டெதிரே அப்பா ரோடு போட்டதைப் பார்த்திருக்கிறேன் என்று மலாயில் இரண்டே வாக்கியம் சொன்னார். கேட்டதற்கு உடனே வந்தவர், எங்கள் சபைக்காரரும் அல்ல. சில மாதங்களில் அப்பாவுக்குக் காகிதம் வந்தது.

அதற்குப் பிறகு உபதேசியாரிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. நாகப்பட்டினத்தில் சுகம், மனைவிக்கு மட்டும் மூச்சிரைப்பு, எங்களுக்காக ஜெபியுங்கள் என்றிருந்தது. நான் இரண்டு முறை வாசித்தேன். அந்த நாளைப்பற்றி ஒரு சொல் இல்லை.

சாப்பாட்டுக்கு முன் அப்பா கண்ணை மூடி, அவர் பெயரையும் அவர் மனைவியின் பெயரையும் சொல்லி ஜெபித்தார். அம்மா ஆமென் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.