பின்சீட்டுப் பேச்சு

காலை ஐந்து நாற்பதுக்குச் சேசுராஜ் அண்ணன் போன் செய்தார். "அமலி போயிருச்சு தம்பி" என்றார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். மனைவியை இழந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆலையில் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. எது நின்றாலும் முதலில் நேரத்தைக் கேட்டுப் பழகிவிட்டது. அண்ணன் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

இந்த நினைவு மலரைப் படிக்கும் பலருக்கு அமலி டீச்சர் என்றால் மைதானத்து விசில் சத்தம். தாமதமாக வந்தவர்களை இரண்டு சுற்று ஓடவிட்ட பி.டி. டீச்சர். எனக்கு அவர் என் மனைவி மெய்யம்மையின் பக்கத்து நாற்காலிக்காரர். மதுரையில், கீமோ ஏற்றும் அறையில்.

முதல் நாள் மெய்யம்மை தலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு மொட்டைத் தலை திரும்பியது. "ஏத்தா, உள்ள வெயிலா அடிக்குது? முக்காட்டை எடு. என் தலைக்கு ஜோடி இல்லாம எம்புட்டு நாளா உக்காந்திருக்கேன்!" மெய்யம்மை சிரித்தாள். வியாதி தெரிந்ததிலிருந்து அவளைச் சிரிக்கவைக்க நான் படாத பாடு பட்டிருந்தேன். இந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பின் டீச்சரும் அண்ணனும் அமராவதிபுதூரிலிருந்து பஸ்ஸில் காரைக்குடி வந்து, எங்கள் காரிலேயே மதுரைக்கு வரத் தொடங்கினார்கள். அண்ணனும் நானும் முன்னால். பெண்கள் இருவரும் பின்னால். நான் கண்ணாடியில் பார்த்தால் டீச்சர் விடமாட்டார். "ஆம்பளைக ரோட்டைப் பாருங்க. இங்குட்டு லேடீஸ் மீட்டிங்."

பிள்ளையார்பட்டி விலக்கில் மெய்யம்மை கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "ஒனக்குஞ் சேத்து மாதாகிட்டச் சொல்லிட்டேன் மெய்யி. நீ பிள்ளையாருகிட்ட எனக்குச் சொல்லு. ரெண்டு எடத்துல பைல் போட்டு வைப்போம்" என்பார் டீச்சர்.

வீட்டில் எதை வைத்தாலும் இரும்பை நக்குவதுபோல் இருக்கிறது என்று ஒதுக்குகிறவள், காரில் டீச்சரின் தூக்குவாளியிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயோடு கஞ்சி குடித்தாள். "வெளிச்சாப்பாடு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருக்கா" என்றேன். "காரு கதவெல்லாம் சாத்தித்தான் இருக்கு. இது எப்படித் தம்பி வெளிச்சாப்பாடு?" என்றார். பின்சீட்டில் மறுபடியும் சிரிப்பு. வீட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் "ஒண்ணுமில்லங்க, நல்லாத்தான் இருக்கேன்" மட்டும்.

மெய்யம்மைக்கு நோய் ஈரலுக்குப் பரவியது. போய்விட்டாள். அதே மருந்தை ஏற்றிக்கொண்ட டீச்சர் அக்காவுக்கு முடி முளைத்தது. துக்கத்துக்கு வந்திருந்தபோது அந்தக் குட்டை முடியைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே எழுந்து போனேன்.

எங்கள் வீடுகளில் இறந்துபோன பெண்களுக்குப் புதுப் புடவை வைத்துக் கும்பிடுகிற படைப்பு உண்டு. மெய்யம்மைக்கு என்ன நிறத்தில் எடுப்பது என்று அம்மா என்னிடம் கேட்டார்கள். அவளுடைய ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையும் எனக்கு மனப்பாடம். புடவை நிறம் தெரியவில்லை. பச்சை என்றேன், தீபாவளிக்கெல்லாம் அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சந்தேகத்துக்கு அக்காவைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அய்ய, பச்சை அதுக்கு ஆகவே ஆகாதே! கத்திரிப்பூக் கலரு எடுங்க" என்றார்.

"எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையேக்கா."

"ஒங்ககிட்டச் சொன்னா ஒடனே அதைச் சரிபண்ணக் கெளம்பிருவீக. எங்கிட்டச் சொன்னா நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். கேட்டுக்கிட்டு இருப்பேன். அதான் தம்பி."

"வேற என்னென்ன சொன்னா?"

"நெறைய. மொத்தமாக் கேட்டாத் தாங்கமாட்டீக. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு கூப்புடுறேன். ஒண்ணொண்ணாச் சொல்றேன்."

சொன்னபடி கூப்பிட்டார். கல்யாணத்தன்று நான் மாலையைக் கோணலாகப் போட்டேனாம். சிரிப்பை அடக்கத்தான் அவள் குனிந்துகொண்டாளாம். வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன். என் மனைவியை நான் வாரம் ஒரு பிடியாக வாங்கிக்கொண்டிருந்தேன், வேறொருவர் கையிலிருந்து.

பிறகு அக்காவுக்கும் நோய் திரும்பியது. நான்தான் கார் ஓட்டினேன். ஒருமுறை அண்ணனுக்குக் காய்ச்சல். நாங்கள் இருவர் மட்டும் போனோம். மெய்யம்மையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திருப்பத்தூர் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"எனக்குப் போதும் தம்பி. ஒங்க அண்ணனுக்காகத்தான் இந்த ஊசிக்கு வாரேன். கொழாயத் தெறந்துவிட்டுட்டு அழுகுறாக. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. நீங்க சொல்லிப்புடாதீக."

கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சேசுராஜ் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்குக் காய்ச்சலுன்னு நீங்க ரெண்டு பேரும் மதுரைக்குப் போகையில ஒங்ககிட்ட என்னமும் சொன்னுச்சா? எங்கிட்ட ‘நல்லாருக்கேன்’னு மட்டுந்தான் சொல்லும்" என்றார். கேட்ட குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். அக்கா எனக்குச் சொன்னதுபோல் தவணை தவணையாகச் சொல்ல என்னால் முடியாது. குழாய்ச் சத்தம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஒங்ககிட்டச் சொல்லிருக்கு, பாருங்க" என்றார். பிறகு, "இதையும் மலர்ல எழுதுங்க தம்பி. அது எனக்காகத்தான் ஊசிக்கு வந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். எழுதிவிட்டேன்.

அக்கா, உங்களை எல்லோரும் நல்லவர் என்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அவள் சொன்னதில் மீதியை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். எவ்வளவு மீதி என்றுகூட எனக்குத் தெரியாது. மேலே நீங்கள் இருவரும் சேர்ந்திருப்பீர்கள் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அது ஆறுதலாக இல்லை. இப்போதும் அவள் உங்களிடம்தானே பேசிக்கொண்டிருப்பாள்.

போய் வாருங்கள் அக்கா. இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நீங்கள் கூப்பிடுகிற நேரம். போனை அணைத்து வைத்துவிட்டேன்.