முத்துவின் எடை

ஹாஸ்டலில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் நடுவில் புகுந்து லாஜிக் கேட்டுக் கெடுப்பவன் நான்தான். விலங்கியல் படித்தவன் வேறு. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

விராலிமலைப் பக்கம் பாறு கழுகுகளைக் காப்பாற்றும் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வது நான், தீனி போடுவது பஷீர் அண்ணன். கூண்டில் இரண்டு கழுகுகள். மூன்றாவதாக இருந்த முத்து போன வருடம் செத்துப்போனது. காரணம், மாட்டுக்குப் போடும் வலி ஊசி. அது ஏறிய இறைச்சியைத் தின்றால் பாறு கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். அதனால் செத்த மாட்டைத் தருகிறோம் என்று யார் கூப்பிட்டாலும், வலி ஊசி போட்டீர்களா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

சம்பவம் நடந்த அன்று காலை, செத்த மாடு ஒன்று இருக்கிறது என்று வந்த போனை எடுத்தது நான். வாசலில் ஸ்கூல் பஸ் வந்து நிற்கிறது, மனசெல்லாம் அங்கே. கேட்காமலே வைத்துவிட்டேன். பஷீர் அண்ணன் விசாரித்தபோது, ஊசி போடவில்லையாம் என்று சொல்லியும்விட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

மத்தியானம் இறைச்சியைக் கூண்டுக்குள் தள்ளினோம். மூன்று நாளாகத் தின்னாத இரண்டும் இறங்கி வரவே இல்லை. பிள்ளைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்க, நான் மைக்கில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு சிறுமி, யாருமே உட்காராத கட்டைக்கு ஏன் நம்பர் காட்டுகிறது என்றாள். கழுகு உட்கார்ந்தால் எடை தெரியும்படி தராசு பொருத்திய கட்டை அது. வெளியே இருந்த திரையில் 4.620.

பஷீர் அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

"முத்து கடைசியா நின்ன எடை இது." பிறகு மெதுவாக, "தம்பி, நெசமாவே அந்த ஆளுகிட்ட கேட்டியா?"

உடனே மாட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"ஊசியா? முந்தாநாளு ரெண்டு போட்டாங்கங்க, வலி தாங்காம கத்துச்சு. ஏங்க, எதுவும் தப்பா?"

அதற்குள் அண்ணன் கூண்டுக்குள் ஓடி இறைச்சியை வெளியே இழுக்க ஆரம்பித்திருந்தார். கடைசித் துண்டு வெளியே வந்ததும் திரை அணைந்தது.

இரண்டு கழுகுகளும் நன்றாக இருக்கின்றன. போனை இப்போது அண்ணன்தான் எடுக்கிறார்.

தராசு கோளாறு என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து, சாயங்காலம் திரையைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் பேட்டரி வைக்கும் இடம் காலி. அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையில் அவசரத்துக்கு அந்த இரண்டு பேட்டரியையும் உருவியவனே நான்தான். பிள்ளைகளுக்கு முன்னால் திரையில் அந்த எடை தெரிந்த நேரமெல்லாம், அவை என் கையிலிருந்த மைக்குக்குள் இருந்தன.