அக்காவின் மிக்ஸிக்கு நூற்றிப்பத்து வோல்ட்

அக்காவுக்கு விசா கிடைத்த மறுநாளே அப்பா எங்களை டவுனுக்குக் கூட்டிப்போனார். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். பஸ்ஸுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. உரமூட்டை எடுக்கப் போன டிராக்டரில் ஏறிக்கொண்டோம். அமெரிக்கா போகிறவள் டிரெய்லரில் போகிறாளே என்று யாராவது நினைத்துவிடக் கூடாதென்று அக்கா அதிலேயும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன். கடையில் விலை கேட்பதென்றால்கூட அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் காதில் சொல்லித்தான் கேட்பேன்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கல்யாணமாகி நாற்பதாவது நாள் விமானம் ஏறியவர். அந்த நாற்பது நாளும், பிறகு ஏர்மெயிலில் வந்த நீலக் கடிதங்களும்தான் அக்காவுக்கு அவரைப் பற்றித் தெரிந்தவை. அங்கே அவருடைய வீட்டில் அம்மி கிடையாது, உரல் கிடையாது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதனால் மிக்ஸி வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அதோடு ஓர் இஸ்திரிப் பெட்டி, வாளித் தண்ணீரில் போட்டால் கொதிக்கவைக்கும் ஹீட்டர் கம்பி. இந்த மூன்றையும் அப்பா பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதி எடுத்துவந்திருந்தார். இதில் ஒன்றுகூட அதுவரை எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

தேரடி வீதியில் இருந்த கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“அமெரிக்காவுக்கா? அங்கேருந்து எடுத்துனு வந்து இங்க காட்டுவாங்க. நீங்க இன்னாங்க, தலைகீழா எடுத்துனு போறீங்க?”

“அங்க இருக்கிற மிக்ஸிங்க நம்ம மிளகாய அரைக்காதுங்க” என்றார் அப்பா. யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

கடைக்காரர் மேல் தட்டிலிருந்து மிக்ஸியை இறக்கி, பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, ஒரு பிடி அரிசியைப் போட்டுச் சுவிட்சைத் திருப்பினார். கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மூடியைத் திறந்தபோது அரிசி இல்லை, மாவு இருந்தது. அக்கா ஒரு விரலால் தொட்டு நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், விபூதி மாதிரி. திரும்பி வரும்போது மிக்ஸிப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மூன்றையும் சாமி படத்துக்கு முன் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினாள். தெருவில் பாதி எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஒருத்தி கொத்தமல்லி கொண்டுவந்தாள், ஒருத்தி உளுந்து. எல்லாவற்றையும் அக்கா அரைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் வாசலில் நின்ற நாய் எழுந்து ஓடியது.

நான்காவது நாள் மாமாவின் கடிதம் வந்தது.

‘இங்கே மின்சாரம் 110 வோல்ட். நம் ஊர் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எதுவும் இங்கே ஓடாது. மின்சாரப் பொருள் ஒன்றும் கொண்டு வர வேண்டாம்.’ கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அப்பா மூன்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பொட்டு வைத்துப் பூஜை போட்ட சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம். “தொடச்சிட்டேனேங்கன்னேன். ‘தொடச்சாலும் உங்க வீட்டு லட்சுமிதாங்க அது, அடுத்தவங்களுக்கு எப்படி விப்பேன்’னு கேக்கறான்.”

அக்கா மிக்ஸியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அப்பா, “நூத்திப்பத்துன்றது இன்னா பெரிய விஷயம்? நம்ம மோட்டார் கொட்டாய்ல தினம் அவ்ளோதான வருது?” என்றார். சட்டையைக்கூடக் கழற்றாமல் மறுபடியும் டவுனுக்குப் புறப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் கிணற்று மோட்டார் புகைந்துபோவது அடிக்கடி நடப்பது. புகைந்தால் டவுனில் ஒரு மெக்கானிக் பழைய செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். காயில் கட்டுவது என்பார்கள். எந்த மோட்டாரையும் பிரித்து எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்பது அப்பாவின் நம்பிக்கை. மெக்கானிக் மிக்ஸியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சுற்றைப் பாதியாக்கிக் கம்பியைத் தடிமனாக்கினால் நூற்றிப்பத்தில் ஓடும் என்றாராம். இஸ்திரிப் பெட்டியும் ஹீட்டரும் தனக்குச் சம்பந்தமில்லாதவை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். “ஆனா ஒண்ணு. அமெரிக்காவுல புகை வந்துச்சின்னா என் கடைக்கு எடுத்துனு வராதீங்க.”

அன்று இரவு சாப்பிடும்போது அக்கா என்னிடம் மெல்லச் சொன்னாள். “ரெண்டு கோடு போட்டிருக்காருடி. அப்படியும் எடுத்துனு போறேன். அங்க போய் ஓடலன்னா, வந்த மொத நாளே பேச்சு கேக்காதவன்னு ஆயிடுவேன். ஓடும்னு இங்கயே என் கண்ணால பாத்தாதான் எடுத்துனு போவேன். இல்லன்னா வேணாம்.”

அங்கேதான் சிக்கல். கொடுத்த ஐந்தாம் நாள் மெக்கானிக் மிக்ஸியைக் கட்டி முடித்துவிட்டார். ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாது. கடையில் இருநூற்று முப்பது வோல்ட் வருகிறது. போட்ட நொடியில் கட்டிய கம்பியெல்லாம் கருகிவிடும். விமானத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

“எங்க கொட்டாய்க்கு வாய்யா” என்றார் அப்பா.

மின்கம்பியின் கடைக்கோடியில் இருந்தது எங்கள் கிணறு. அந்த வரிசையில் ஆறு கிணறுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் படுத்துவிடும் என்பதால், எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். ஒருவர் பாய்ச்சும்போது மற்றவர் நிறுத்த வேண்டும். அதை மீறியதற்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கதையெல்லாம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அப்பா ஒவ்வொரு கிணறாகப் போய், மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் சேர்ந்து மோட்டாரைப் போடுங்கள், நான் துண்டைக் காட்டும்வரை நிறுத்தாதீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். நான்கு பேர் ஒத்துக்கொண்டார்கள். மேலக் கிணற்றுக்காரர் ஊரில் இல்லை.

மூன்று மணிக்கு நாங்கள் எல்லோரும் கொட்டகையில் இருந்தோம். பல்புக்கு இழுத்த ஒயரில் மெக்கானிக் தன் மீட்டரைப் பொருத்தினார். மிக்ஸியை நெல் மூட்டை மேல் வைத்து, ஜாரில் தேங்காயும் பச்சைமிளகாயும் போட்டு அக்கா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மீட்டர் என் கையில். முள் எங்கே நிற்கிறதென்று நான் உரக்கப் படிக்க வேண்டும். முடியாது என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

“நூத்திமுப்பதுக்குக் கீழ வந்தாதான் போடுவேன்” என்றார் மெக்கானிக்.

எங்கள் மோட்டார் ஓடியது. அடுத்து மற்ற நான்கு கிணற்று மோட்டார்களும் ஒவ்வொன்றாக ஓடின. முள் இறங்க ஆரம்பித்தது. இருநூறு, நூற்றி எண்பது, நூற்றி அறுபது. வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் தானே விழுந்து மோட்டார் நின்றுவிடும். விழாமலிருக்க அப்பா அதில் வேப்பங்குச்சியைச் சொருகினார். மோட்டார் முனக ஆரம்பித்தது. நூற்றி ஐம்பதில் முள் நின்றுவிட்டது.

“இறங்கு சாமி, இறங்கு” என்றாள் அம்மா. வோல்டேஜ் கம்மியாக வேண்டும் என்று எங்கள் ஊரில் யாராவது சாமியை வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான் இருக்கும்.

அப்போது வரப்பில் ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். ஊருக்குப் போயிருந்த மேலக் கிணற்றுக்காரர்தான். “எவன்டா எல்லா மோட்டாரையும் ஒண்ணா போட்டது? முறை கிறை ஒண்ணும் கிடையாதா? யோவ், இன்னாய்யா உன் கொட்டாய்ல கல்யாணமா?”

அப்பா கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். அவர் மிக்ஸியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.

“சட்னி அரைக்கவா?”

“ஆமாங்க, அமெரிக்காவுல” என்றாள் அக்கா.

“அட பாவிங்களா! எங்கிட்ட ஏன் சொல்லல? என்னுது ஏழரை எச்.பி., இருக்கறதுலயே பெருசாச்சே!” என்று திரும்பி ஓடினார்.

அவர் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பல்பின் இழை சிவப்பு நூல் மாதிரி ஆகிவிட்டது. நூற்றி நாற்பது. நூற்றி முப்பது. நூற்றி இருபது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் மிக்ஸிக்கு ஒயரை இணைத்தார், அக்கா சுவிட்சைத் திருப்பினாள்.

ஓடியது. கடையில் கேட்ட அதே சத்தம். ஜாருக்குள் தேங்காய் ஏறி இறங்கிப் பச்சையும் வெள்ளையுமாகச் சுழன்றது. அக்கா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. அம்மா கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மெக்கானிக்கின் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் நிமிர்ந்து பார்த்திருப்பேன். ஆனால் முள் துடித்தது. யாரோ ஒருவர் துண்டுக்குக் காத்திராமல் மோட்டாரை நிறுத்திவிட்டார். முள் எழுந்தது.

“நூத்தி எழுபது!” என்று கத்தினேன். “எடுங்க! ஒயர எடுங்க! நூத்தித் தொண்ணூறு!”

மெக்கானிக் ஒயரைப் பிடுங்கினார். ஓட்டம் அடங்கி, கொட்டகையில் கொஞ்சம் சூடான வார்னிஷ் வாசனை வந்தது. அவர் மிக்ஸியின் அடியில் மூக்கை வைத்து முகர்ந்தார். “தப்பிச்சிது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்மா, இவ்ளோ தொண்டைய எங்க வெச்சிருந்த? நீ பேசியே நான் பாத்ததில்லையே” என்றார். நான் மீட்டரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.

மூன்றாம் நாள் அக்கா விமானம் ஏறினாள். மிக்ஸி புடவைகளுக்கு நடுவே இருந்தது.

கடிதம் வர மூன்று வாரமானது. நான்தான் படித்தேன். ‘வந்த அன்றே பெட்டியைத் திறந்து மிக்ஸியைப் பார்த்துவிட்டார். இது ஓடும் என்று சொல்லிச் சுவரில் சொருகப் போனேன். இங்கே ஓட்டை உருண்டையாக இல்லை. தட்டையாக இரண்டு கீறல் மட்டும் இருக்கிறது. நம் பிளக் நுழையவே இல்லை. அப்படியே நின்றேன்.’

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “அத ஒருத்தனும் யோசிக்கலயே!”

“மேல படி” என்றாள் அம்மா.

‘மறுநாள் வேலையிலிருந்து வரும்போது அவரே தட்டைப் பின் பிளக் வாங்கிவந்து, பழையதை வெட்டிவிட்டு மாட்டினார். தூர நின்றுகொள் என்று சொல்லிவிட்டு அவரே சுவிட்சைப் போட்டார். ஓடியது. கொத்தமல்லிச் சட்னி அரைத்தேன். நான்கு தோசை சாப்பிட்டார். கடிதம் எழுதும்போது அடியில் கோடு போடாதீர்கள் என்று சொன்னேன், சிரித்தார்.’

கடிதத்தைப் படித்து முடிக்கவே அப்பா என்னை விடவில்லை. சைக்கிளை வெளியே எடுத்து, “லெட்டர எடுத்துனு ஏறு, நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்” என்றார். டவுன் கடையில் மெக்கானிக் பெரிய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூடவே மோட்டாரைச் சரிசெய்யக் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு முன்னால் நின்று படித்தேன். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து கிட்டே வந்தார்.

“அந்த ‘ஓடியது’ன்னு எழுதியிருக்குதே, அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி படிம்மா” என்றார். “சத்தமா.”